குஸ்தாவ் பெயரில் ஒரு போர்ட்டர்

யாவோர்னா, 14 ஏப்ரல் 2014

ஸெனோனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

இன்று காலை ரொட்டி வாங்கக் கடைக்குப் போனேன். பெலாகியா கல்லாவை விட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ஒத்தீலியா, ஒன் கொழுந்தன் பேப்பர்ல வந்திருக்கான் பாத்தியா? கழுத்துல பதக்கம். வீட்ல பீர் காய்ச்சுறவங்கள்ல நாட்டுக்கே மொத ஆளாம். எங்ககிட்ட மூச்சே விடலையே நீ" என்றாள். எனக்குத் தெரிந்திருந்தால்தானே மூச்சு விடுவதற்கு.

பேப்பரில் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாய். படத்துக்குக் கீழே, "பிளம் மரப் புகையில் வாட்டிய போர்ட்டர். காய்ச்சியவர்: ஸெனோன் பியெலாக், போஸ்னான்" என்று போட்டிருக்கிறது. காய்ச்சியவர் என்ற சொல்லை நான்கு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தேன்.

அந்தக் கறுப்பு பீர் உன் அண்ணன் காய்ச்சியது. போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில், முதல் உறைபனி விழுந்த வாரம் காய்ச்சினார். முழுசாக ஒரு வருஷம் நிலவறையில் கிடக்க வேண்டும், அதற்கு முன்னால் மூடியைத் தொடுகிறவன் கையை ஒடிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், மே மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நாக்கில் அதிலிருந்து ஒரு சொட்டு படவில்லை.

இருந்ததே இருபது பாட்டில். போன நவம்பரில், சகல புனிதர்கள் நாளன்று கல்லறைக்கு விளக்கு ஏற்ற நீ வந்திருந்தாய். மூக்கெல்லாம் சிவந்து நின்றாய். பாவம், கூடப் பிறந்தவன் என்று பன்னிரண்டை எடுத்துத் துணியில் சுற்றி உன் பையில் வைத்தேன். "அண்ணன நெனச்சுக் குடி" என்று சொன்னேன். குடிக்கக் கொடுத்ததை உன் பெயரில் போட்டிக்கு அனுப்பச் சொன்னேனா?

ஜெயித்தவனுடைய பீரைப் பெரிய ஆலை ஒன்று காய்ச்சுமாம். அவன் பெயரையும் படத்தையும் லேபிளில் அச்சடித்து நாடு முழுக்க விற்குமாம். பெலாகியா வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். உன் பதக்கத்தை நீயே மாட்டிக்கொள். பரிசையும் நீயே வைத்துக்கொள். லேபிளில் 'குஸ்தாவ் பியெலாக்' என்று இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

போன் செய்யாதே. போனில் உன் குரல் அப்படியே அவர் குரல். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உன்னைத் திட்ட முடியாது.

ஒத்தீலியா


போஸ்னான், 22 ஏப்ரல் 2014

அண்ணி,

ஈஸ்டருக்கு உங்களிடமிருந்து வாழ்த்து வரும் என்று பார்த்தேன். வந்தது இது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் 'உறுப்பினர் பெயர்' என்று ஒரே ஒரு கோடு போட்டிருந்தது. பதிவு மேசையில் இருந்த ஆளிடம் கேட்டேன், "காய்ச்சினவரு இப்ப இல்லீங்க, அவரு பேரப் போடலாமா?" என்று. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்பறம் மேடைக்கு யாரு வருவா?" என்றான். பின்னால் முப்பது பேர் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நின்றார்கள். என் பெயரை எழுதினேன். ஜெயிக்கும் என்று யார் நினைத்தது? ஒரு சான்றிதழ் கிடைத்தால் கண்ணாடி போட்டு உங்களிடம் கொடுக்கலாம் என்றுதான் அனுப்பினேன்.

அங்கே என்னென்ன இருந்தது தெரியுமா அண்ணி? ஓக் புகை போட்ட கோதுமை பீர், குரோஜிஸ்க் ஊர்க்காரர்களுடையது, வெறும் தண்ணீர் மாதிரி லேசாக. தேன் விட்டுக் காய்ச்சியது. கம்பு மாதிரி ஒரு தானியத்தில் செய்த கலங்கல் பீர். இளந்தாடிக்காரப் பயல்கள் அமெரிக்க ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டுப் பம்பளிமாஸ் வாசனை வரவழைத்தது. போர்ட்டர் மட்டும் நாற்பத்தொன்று. நம்முடையதை ஊற்றியதும் நடுவர்கள் மூன்று பேரும் கோப்பையை மறுபடி நீட்டினார்கள். ஒரு கிழவர் கோப்பையைக் கீழே வைக்காமலே குறிப்பு எழுதினார். அதைப் பார்க்க அண்ணன் இல்லையே என்றுதான் நினைத்துக்கொண்டேன். நீங்கள் நம்பினால் நம்புங்கள்.

'நம்முடையது' என்றுதான் எழுதியிருக்கிறேன். நானும் பத்து வருஷம் அந்தப் பானையைக் கிண்டியவன். பீரைப் பற்றி நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் அண்ணி. கல்யாண வீடுகளில் ராஸ்பெரிப் பாகு ஊற்றி, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறவர் நீங்கள். அண்ணனை அடக்கம் பண்ணிய வாரமே அவருடைய ஈஸ்ட் ஜாடியைக் கழுவிச் சாக்கடையில் ஊற்றியவர் நீங்கள். பீரைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட், பதினோரு வருஷம் அவர் உயிரோடு வைத்திருந்தது. அது இருந்திருந்தால் நானே மறுபடி காய்ச்சியிருப்பேன், இந்தப் பாட்டில் கணக்கும் வந்திருக்காது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் கிழித்துப் போடப் போவதில்லை. நாலரை மணிக்கு டிராம் ஓட்டப் போக வேண்டும்.

ஸெனோன்


யாவோர்னா, 3 மே 2014

ஸெனோனுக்கு,

ஆமாம், கழுவினேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் குளிர்பெட்டியைத் திறந்தால், அடியில் சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி ஏதோ ஒரு ஜாடியில் இருந்தது. கெட்டுப்போனது என்று நினைத்துச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். அதில் உயிர் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு நீயும் இந்த வீட்டில்தான் இருந்தாய், மேல் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். இதை நீ எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அந்த ஜாடியை எடுக்கும்போதெல்லாம் எனக்கே ஞாபகம் வருகிறது.

பானையைக் கிண்டினாயா? நீ கிண்டிய லட்சணம் எனக்குத் தெரியாதா? வருஷத்துக்கு இரண்டு தடவை ரயிலேறி வருவாய். அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துக்கொண்டு உட்காருவாய். அண்ணன் "டேய், கொஞ்சம் கிண்டுடா, அடி புடிக்குது" என்று மூன்று தடவை கத்திய பிறகு எழுந்திருப்பாய். முளைகட்டிய பார்லியைப் புகை போட்டது யார்? ஊரார் பிளம் பழம் வாட்டி முடித்த கொட்டகையில், அதே மரச்சட்டத் தட்டில் பார்லியைப் பரப்பி, மூன்று நாள் விறகு தள்ளியது நான். அவருக்கு முழங்கால் மடங்காது. விறகு காய்ந்ததாக இருந்தால் திட்டுவார், பச்சையாக இருந்தாலும் திட்டுவார்.

கல்யாண வீட்டில் பொம்பளை என்றாலே கேட்காமல் பாகை ஊற்றி, ஸ்ட்ராவைச் செருகி நீட்டுகிறான். வாங்கி வைத்துக்கொள்வது மரியாதைக்கு. ஒவ்வொரு நவம்பரும் முதல் மூடியைத் திறந்து முதல் வாய் குடித்தது நான்தான். அவர் எதிரே நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு தன் கோப்பையை எடுப்பார்.

ஒரு தடவை பெரிய ஆலைகளின் மஞ்சள் பீர் ஐந்தை வாங்கி, லேபிளைக் கிழித்துவிட்டு உன் முன்னால் வைத்தாரே. "எது எதுன்னு சொல்லு, என் வண்டிய ஒனக்கே எழுதிக் குடுக்கறேன்" என்றார். ஐந்தையும் தப்பாகச் சொன்னாய். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "ஒன் மேல தப்பில்லடா, அதெல்லாம் ஒரே கொழாயிலேந்து வருது" என்றார். அந்த மாதிரி ஆலை ஒன்றுதான் இப்போது அவருடையதைக் காய்ச்சப் போகிறது. உன் மூஞ்சியைப் போட்டு.

குஸ்தாவ் பெயர் வர வேண்டும். வராவிட்டால் போட்டி நடத்திய உங்கள் சங்கத்துக்கு எழுதுவேன். அவர் கைப்பட எழுதிய பச்சை நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

ஒத்தீலியா


போஸ்னான், 28 மே 2014

அண்ணி,

போன வாரம் ஆலைக்குப் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நம் மாதா கோவில் உயரத்துக்குத் தொட்டிகள். மொத்த இடத்திலும் ஆறு பேர்தான் நடமாடுகிறார்கள், எல்லோர் கையிலும் கணினிப் பலகை. காய்ச்சும் பிரிவுத் தலைவர் நல்ல மனுஷன்தான். சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். நான் கொண்டுபோன இரண்டு பாட்டிலையும் திறந்து எல்லோருக்கும் ஊற்றினார். குடித்துவிட்டு, "இத நாங்க இங்க செய்யறது கஷ்டம்தான். ஆனா செய்வோம்" என்றார்.

அண்ணி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். லேபிளில் என் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும். பெரிய ஆலைக்காரர்கள் அவர்கள் வழியில்தான் செய்வார்கள். அதில் என் பெயர் இருந்தால் என்ன, யார் பெயர் இருந்தால் என்ன? அண்ணன் பெயரை இதில் இழுக்க வேண்டாம். கல்லறையில் நல்ல கல்லாக வைத்து, நடுவர்கள் சொன்னதை அதில் வெட்டலாம். செலவு என்னுடையது. ஆலை விஷயத்தை என்னிடம் விட்டுவிடுங்கள். இதற்கு மேல் கடிதத்தில் விளக்க முடியாது, உங்களுக்குப் புரியவும் புரியாது.

ஸெனோன்


யாவோர்னா, 2 ஜூலை 2014

ஸெனோனுக்கு,

எனக்குப் புரியாதா? நன்றாகவே புரிந்தது. கல்லைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்கிறாய்.

சங்கத்துக்கு எழுதிவிட்டேன். பச்சை நோட்டின் பதினோரு பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்பினேன். போர்ட்டர் காய்ச்சிய தேதி, அளவு, எந்தப் பானை, வெளியே எத்தனை டிகிரிக் குளிர், எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு இடத்தில் "ஸெனோன் வந்தான். எல்லாவற்றையும் தின்றான்" என்றுகூட இருக்கிறது. அதையும் அனுப்பினேன்.

நேற்றுச் சங்கத் தலைவரே கூப்பிட்டார். "அம்மா, எங்களுக்கு இது தெரியாது, மன்னிக்கணும்" என்றார். ஆலைக்காரர்களுக்கும் சம்மதமாம். இறந்துபோனவருடைய கடைசி பீர் என்றால் ஜனங்கள் இன்னும் விரும்பி வாங்குவார்கள் என்று சொன்னார்களாம். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். ரோமத் தொப்பி போட்டுக்கொண்டு மரக்கரண்டியோடு நிற்கிறாரே, அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறேன். பாதர் ஹியரோனிம் பூசைக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் அறிவித்தார். பெலாகியா இருபது பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் அடுப்பு மூட்டி ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிட்டேன்.

நீ கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் உனக்கு வருமாம். போட்டுவிடு.

ஒத்தீலியா


போஸ்னான், 1 செப்டம்பர் 2014

அண்ணி,

காகிதம் வந்தது. போட்டு அனுப்பிவிட்டேன். என் பெயரை எடுத்தாகிவிட்டது. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் எட்டு பாட்டில் இருக்க வேண்டும். மூன்றை அனுப்புங்கள். அண்ணன் வடிகட்டாமல் அடைத்ததால் அடியில் வண்டல் படிந்திருக்கும். அதில் அந்தப் பழைய ஈஸ்ட் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆலை ஆய்வகத்தில் யுஸ்தீனா என்று ஒரு பெண் இருக்கிறாள். அதை எழுப்பிப் பார்க்கிறேன் என்கிறாள். மே மாதம் நான் கொண்டுபோன இரண்டின் வண்டலையும் பாட்டிலோடு கழுவிவிட்டார்கள். அப்போது எனக்கும் புத்தியில்லை. மற்றதில் ஆறு போட்டிக்குப் போனது, நான்கை நான் குடித்துவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி காய்ச்சத் தொடங்குகிறார்கள். அவளுக்கு இரண்டு வாரமாவது வேண்டும். பஸ்காரரிடம் கொடுத்தனுப்பினால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாட்டில்களை அனுப்புங்கள்.

ஸெனோன்


யாவோர்னா, 9 செப்டம்பர் 2014

ஸெனோனுக்கு,

முடியாது.

பன்னிரண்டு கொடுத்தேன், நீ என்ன செய்தாய் என்று பார்த்துவிட்டேன். இனி ஒன்றுகூடத் தர மாட்டேன். ஈஸ்ட் தூங்குகிறது, எழுப்ப ஒரு பெண் இருக்கிறாள் என்று கதை சொல்கிறாய். ஜாடியைக் கழுவியதை வைத்தே என் கையிலிருந்து பாட்டில்களைப் பிடுங்கப் பார்க்கிறாய். எனக்கு எங்கே வலிக்கும் என்று உனக்கு நன்றாகத் தெரியும்.

நோட்டில் இருக்கிறபடி செய்யச் சொல். எல்லாம் அதில் இருக்கிறது.

ஒத்தீலியா


யாவோர்னா, 20 நவம்பர் 2014

ஸெனோன்,

பீர் வந்துவிட்டது. பதினோராம் தேதி, சுதந்திர தினத்தன்று, தீயணைப்புக் கூடத்தில் மேசை போட்டு ஊரே கூடியது. பாதர் ஜெபம் சொன்னார். வாத்துக் கறி, முட்டைக்கோஸ் எல்லாம் வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் அவர் முகம். ரோமத் தொப்பி வரைக்கும் தெளிவாக அச்சாகியிருந்தது. என்னை நடுவில் உட்கார வைத்து, முதல் மூடியை என்னையே திறக்கச் சொன்னார்கள்.

திறந்தேன். குடித்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸெனோன், அது இருமல் மருந்து. தித்திப்பு. பிளம் வாசனை குப்பென்று வருகிறது, ஆனால் அது பழத்தின் வாசனையும் இல்லை, புகையின் வாசனையும் இல்லை. வாய்க்குள் போனதும் எல்லாம் போய்விடுகிறது, தண்ணீர்தான் நிற்கிறது. நான் சிரித்தேன். "நல்லாருக்கு" என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? எல்லோரும் கை தட்டினார்கள்.

பக்கத்து மேசையில் மரம் அறுக்கிற மில் வாலெந்தி உட்கார்ந்திருந்தான். எனக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் சொன்னான். "இதுக்கா இருவது வருஷம் நம்மளையெல்லாம் நாக்கு செத்தவனுங்கன்னு திட்டுனான்? எங்க அத்தை பண்ற பழச்சாறு இதவிடப் பரவால்லடா." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. உன் அண்ணன் இந்த ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்காமல் திட்டியவர்தானே. இப்போது அவர் முறை வந்திருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து நம்முடையதில் ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். என் நாக்குத்தான் கெட்டுவிட்டதோ என்று ஒரு சந்தேகம். நாக்கு சரியாகத்தான் இருந்தது.

பெயரை எடுக்கச் சொல். உன் காலில் விழுகிறேன் என்று எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன். இனிமேல் காய்ச்சுவதிலாவது அவர் பெயரும் படமும் வேண்டாம்.

ஒத்தீலியா


போஸ்னான், 27 நவம்பர் 2014

அண்ணி,

எடுக்க முடியாது. அறுபதாயிரம் பாட்டில் கடைகளுக்குப் போய்விட்டது. காய்ச்சுவது இந்த ஒரு தடவைதான், அதனால் திருத்துவதற்கு அடுத்த தடவை என்று ஒன்றும் கிடையாது.

மே மாதமே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். அன்று சாப்பாட்டு மேசையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பார்லியைப் புகை போட அவர்களிடம் இடம் இல்லை, பிளம் வாசனைத் திரவம் சேர்ப்பார்களாம். ஒரு வருஷத்துக்கு ஒரு தொட்டியை முடக்க முடியாது, ஏழு வாரம்தான் தருவார்களாம். ஈஸ்ட் அவர்களுடைய மஞ்சள் பீருக்குப் போடும் அதே ஈஸ்ட். "உற்பத்தி வசதிக்கேற்ப மாற்றலாம்" என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அதனால்தான் என் பெயரே இருக்கட்டும் என்றேன். கெட்டுப்போகிற பீர் என் பெயரில் கெட்டுப்போகட்டும், ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று. நான் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். லேபிளில் என் மூஞ்சியைப் பார்க்கிற ஆசையும் இருந்தது. இரண்டும்தான் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் உங்களிடம் விஷயத்தை உடைக்காமல், "உங்களுக்குப் புரியாது" என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

செப்டம்பரில் மூன்று பாட்டில் கேட்டது கதை இல்லை அண்ணி. அந்த ஈஸ்ட் மட்டும் உயிர் பிழைத்தால், ஆலை சின்னத் தொட்டி ஒன்றில் தனியாகக் கொஞ்சம் காய்ச்சும், அதை ஒரு வருஷம் நிலவறையில் வைக்கலாம் என்று காய்ச்சும் பிரிவுத் தலைவரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தேன். அண்ணன் பெயரை அதில் மட்டும்தான் போடுவதாகப் பேச்சு. பெரிய தொட்டியில் காய்ச்சுவதில் வெறுமனே 'போட்டியில் வென்ற போர்ட்டர்' என்று போடுவார்கள். இதையெல்லாம் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்று எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

இங்கே மூலைக்கு மூலை போர்ட்டர் விற்கிறார்கள் இப்போது. அதில் பாதி நிஜமாகவே நன்றாக இருக்கிறது. நேற்று ஒரு பையன் என் டிராமில் அண்ணன் முகம் போட்ட பாட்டிலோடு ஏறினான். இரண்டு வாய் குடித்துவிட்டு, மீதியை இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனான். கடைசி நிறுத்தத்தில் நான் அதை எடுத்து லேபிளை உரித்தேன். உரித்ததைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஸெனோன்


யாவோர்னா, 9 டிசம்பர் 2014

ஸெனோன்,

உன் கடிதத்தை அடுப்பில் போட எடுத்துக்கொண்டு போனேன். போடவில்லை. மறுபடி படித்தேன். நீ பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நீ பொய் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் செய்ததையும் கேள். புனித நிக்கோலாஸ் நாளன்று ஆறு பாட்டிலைக் கூடையில் வைத்துக்கொண்டு பெலாகியா கடைக்குப் போனேன். வாலெந்தி, பாதர், பால்காரக் குடும்பம், யார் யார் அன்று கூடத்தில் சிரித்தார்களோ அத்தனை பேரையும் கூப்பிட்டேன். "இதுதான் குஸ்தாவ் காய்ச்சுனது. அது வேற, இது வேற. குடிச்சிட்டு அப்பறம் பேசுங்க" என்றேன். மூடிகளை நான் திறந்தேன். பெலாகியாதான் எல்லோருக்கும் ஊற்றினாள்.

குடித்தார்கள். வாலெந்தி தொப்பியைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்க ஒத்தீலியா, நான் அன்னைக்கு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்" என்றான். நான் மனசு குளிர்ந்துபோய் நின்றேன். பெலாகியா பாதிக் கோப்பையை மேசையில் வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொன்னா வருத்தப்படாத. இது கசக்குது, பொகை வேற அடிக்குது. கடையில வந்தது தொண்டையில சும்மா எறங்குச்சு" என்றாள். பாதரும் தலையை ஆட்டினார். கடைசியில் வாலெந்தி மட்டும்தான் கோப்பையைக் காலி செய்தான். அவனும் என்னைப் பார்த்துக்கொண்டே காலி செய்தான், அதனால் அது மரியாதைக்குத்தான் என்று தெரிந்தது.

அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது ஸெனோன். அன்று கூடத்தில் வாலெந்தி பேச்சுக்குத்தான் சிரித்தார்கள், பீரைக் குடித்துவிட்டு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. குஸ்தாவ் என்றால் இனிமேல் இந்த ஊருக்கு அந்த இருமல் மருந்துதான். நான்தானே பெயரைப் போடச் சொல்லிச் சண்டை பிடித்தேன்.

பாட்டில்களை அடி வண்டலோடு திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நான் பின்பக்கம் போனபோது, பெலாகியா ஆறையும் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தாள். உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தாள். வெறும் கூடையை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தத் தப்பை முதலில் செய்தவள் நான்.

இப்போது மிச்சம் ஒன்றே ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு பஸ்காரரிடம் கொடுக்கிறேன். நிமிர்த்தியே வைக்கச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பரில் கேட்டாயே, அதை இப்போது செய். அந்தப் பெண்ணிடம் கொடு. மேலே இருப்பதை நீ குடி. குடித்துவிட்டு எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. நான் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தித்திப்புத்தான் நாக்கில் வருகிறது, அவருடையது வரமாட்டேன் என்கிறது.

ஒத்தீலியா


போஸ்னான், 8 ஜனவரி 2015

அன்புள்ள அண்ணி,

பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. யுஸ்தீனா கையுறை போட்டுக்கொண்டு, குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மேலே இருந்ததை எனக்கு மெதுவாக ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடியில் இருந்ததைச் சின்னக் குப்பிகளில் பிரித்து வைத்தாள்.

எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். முதலில் புகை. அடுப்பிலிருந்து வருகிற புகை இல்லை, கொட்டகைக்குள் போய்விட்டு வந்தவருடைய ஸ்வெட்டரில் இருக்குமே, அது. அப்புறம் கருகின ரொட்டி விளிம்பு. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை, விழுங்கி முடித்த பிறகுதான் பிளம் வருகிறது, அதுவும் கொட்டையைக் கடித்த மாதிரி கசப்போடு. பெலாகியா சொன்னது சரிதான், கசக்கிறது. கசப்பு கடைசி வரைக்கும் நிற்கிறது. ஒரு கோப்பையைக் குடித்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு ஆய்வகக் கழிப்பறையில் போய்க் கொஞ்சம் அழுதேன்.

குப்பிகளை யுஸ்தீனா மூன்று வாரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் அன்றும் போய்ப் பார்த்திருக்கிறாள். முந்தாநாள், மூன்று ராஜாக்கள் நாளன்று என்னைக் கூப்பிட்டாள். எதிலும் ஒன்றும் எழும்பவில்லை. எல்லாம் செத்துவிட்டிருந்தது.

செப்டம்பரிலேயே கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அவளிடம் கேட்டேன். அவள் யோசித்து, தெளிவாகப் பதில் சொன்னாள்.

அது என்ன என்று தயவுசெய்து என்னைக் கேட்டு எழுதாதீர்கள் அண்ணி. நேரில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

ஸெனோன்